பொத்தான் இங்கே, பதிவு அங்கே

1945இல் வெளிவந்த ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் வள்ளியாக நடித்தவர் ருக்மிணி. தன் பாட்டுகளை அவரே பாடியும் இருந்தார். படம் தயாரானபின் கேட்டுப் பார்த்த தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனுக்கு அந்தப் பாட்டு திருப்தியாக இல்லை. பி.ஏ. பெரியநாயகியை வரவழைத்து, திரையில் ருக்மிணியின் வாயசைவுக்குப் பொருந்தும்படி மறுபடி பாட வைத்து, பழைய குரலை எடுத்துவிட்டுப் புதிய குரலை ஏற்றினார். அதற்கு ஏழு ஆண்டு முன்பு, 1938இல், அவர் பங்கேற்றுத் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் மறைவிலிருந்து பாடியிருந்தார். கன்னட ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழ் பேச வைத்து 1944இல் வெளியிட்டவரும் அவரே. காரைக்குடியில் அப்பா நடத்திய கடையில் கிராமபோன் தட்டு விற்றுத் தொழில் பழகிய மனிதர். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தைத் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டே எடுத்து முடித்தார். குரலை ஆளிடமிருந்து பிரிக்கலாம், வேறொரு நாளில் வேறோர் இடத்தில் பிடித்துக் கொண்டுவந்து ஒட்டலாம் என்ற துணிச்சல் தமிழ் சினிமாவுக்குப் பெருமளவு இந்த மண்ணிலிருந்து போனது.

இன்று பிரிந்து நிற்பது இன்னொன்று. பதிவு செய்யும் கணினி ஓரிடத்தில். அதை இயக்கும் கை வேறிடத்தில். இது ஏதோ பெரிய ஸ்டூடியோ சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். காரைக்குடிக்குப் பக்கத்து நாச்சியாபுரத்தில், ஆள் அதிகம் புழங்காத ஒரு பழைய வீட்டில், வயதான ஆச்சி ஒருவரின் தாலாட்டைப் பதிவு செய்ய உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் இதன் தேவை புரிந்துவிடும்.

முதல் தொல்லை வீடே. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டு போகும் செட்டிநாட்டு வீடு கண்ணுக்கு அழகு, மைக்குக்குக் கொடுமை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, பர்மா தேக்குத் தூண் எல்லாமே ஒலியைக் குடிக்காமல் திருப்பி எறிபவை. வளவில் ஒரு முறை கை தட்டினால் அதன் வால் நீண்டு தேய்கிறது. பாடுகிறவருக்கு இது சுகம். பதிவில் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். போதாததற்குப் புறாக்கள். ஆகவே பெட்டகமும் மெத்தையும் தலையணையும் அடைத்துக் கிடக்கும் ஒரு சிறிய உள் அறைதான் நல்ல இடம். பஞ்சு மெத்தையை மிஞ்சிய ஒலி உறிஞ்சி அந்த விலையில் கிடையாது.

அந்தச் சின்ன அறைக்குள் ஆச்சி, மைக், லேப்டாப், பதிவு செய்பவர் எல்லோரும் போனால் என்ன ஆகும்? மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். சித்திரை வெயிலில் பத்து நிமிடத்தில் லேப்டாப்புக்குள் இருக்கும் விசிறி சுழலத் தொடங்கும். பதிவு செய்பவர் நாற்காலியில் அசைவார், மூச்சு விடுவார், மவுஸைத் தட்டுவார். இதைவிடப் பெரிய சங்கடம், தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எதிரே ஒருவர் உற்றுப் பார்க்கும்போது பெரும்பாலான பெண்கள் இயல்பாகப் பாடுவதில்லை. தாலாட்டு தன்னருகே இருக்கும் குழந்தைக்குப் பாடுவது; ஒப்பாரியோ சாவு விழாத வீட்டில் பாடவே கூடாது என்று பல ஊர்களில் தயங்குவார்கள். தோப்புப் பக்கமோ கண்மாய்க் கரைக்கோ போய்ப் பாடித் தருகிறேன் என்பார்கள். இயந்திரமும் அந்நியரும் கண்ணில் படாமல் இருந்தால் பாட்டின் நீளமே மாறும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் அறையில் மைக் மட்டும் இருக்கட்டும். மற்றது வெளியே போகட்டும். எதை, எவ்வளவு தூரம், எதன் வழியாக வெளியே கொண்டுபோவது?

இங்கே ஒலியின் எடையைப் பார்த்துவிட வேண்டும். மைக்கிலிருந்து வருவது ஏறி இறங்கும் மின்னழுத்தம். ஒலி இடைமுகம் என்னும் சின்னப் பெட்டி அதை விநாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக எழுதுகிறது. ஓர் அலையைப் பிடிக்க விநாடிக்கு அதன் அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். ஹாரி நைக்விஸ்ட் 1928இல் தந்தித் தொடர்பை வைத்து அடித்தளம் போட்டு, கிளாட் ஷானன் 1949இல் உறுதியாக நிறுவிய கணக்கு இது. நம் காது கேட்கும் உச்சம் 20,000 ஹெர்ட்ஸ் என்பதால் 48,000 தாராளம். ஒவ்வோர் எண்ணையும் 24 பிட்டில் எழுதினால், அதாவது 3 பைட்டில், ஒரே ஒரு மைக்குக்கு விநாடிக்கு 1,44,000 பைட். நிமிடத்துக்கு 8.64 மெகாபைட், மணிக்கு 518. வன்தட்டுக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஓட்டத்தில் ஓர் இமைப்பொழுது தடை ஏற்பட்டாலும் பதிவில் ‘டிக்’ என்று வெட்டு விழும். கேட்பவர் அதைக் கட்டாயம் கவனிப்பார்.

கட்டளைக்கு எடையே கிடையாது. ‘பதிவைத் தொடங்கு’ என்று கணினிக்குச் சொல்ல ஆறு பைட் போதும்.

எடையில் இவ்வளவு பேதம் இருக்கும்போது ஒலியை வைஃபையில் ஏற்றி அலையவிடுவதில் அர்த்தமில்லை. ஒலி மைக்கிலிருந்து மிகக் குறுகிய, உறுதியான வழியில் வட்டில் இறங்கட்டும். காற்றில் போவது கட்டளை மட்டும். தொலைவிலிருந்து பதிவு செய்வதில் நடக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டியதால் வருபவை. புளூடூத் மைக்கை நம்பித் தாலாட்டு எடுக்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

கணினியை அறைக்கு வெளியே வைக்கக் கம்பி வேண்டும். யுஎஸ்பி 2.0 கம்பிக்கு வரம்பு 5 மீட்டர். அதற்கு மேல் நம்ப முடியாது. எக்ஸ்எல்ஆர் மைக் கம்பி முப்பது, நாற்பது மீட்டர் போனாலும் கவலையில்லை. அதற்குள் ஒலியைச் சுமக்கும் கம்பிகள் இரண்டு. ஒன்றில் ஒலி நேராக, மற்றதில் தலைகீழாக. வழியில் மின்கம்பி இரைச்சல் தொற்றினால் இரண்டிலும் ஒரே மாதிரி தொற்றும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஒலி இரட்டிக்கும், இரைச்சல் அடிபட்டுப் போகும். எனவே இடைமுகப் பெட்டியையும் லேப்டாப்பையும் இரண்டாம் கட்டில் ஒரு மூலையில் சேர்த்து வைத்துவிட்டு, மைக் கம்பியை மட்டும் அறைக்குள் இழுப்பது சரி. பதிவு செய்பவர் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கலாம். கைபேசி போதும்.

இனிக் கட்டளையின் கதை. 1980களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் மின்னிசைக் கருவி மற்றொன்றின் பேச்சைக் கேட்காது. ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நடத்திய இகுதாரோ ககேஹாஷியும் அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நடத்திய டேவ் ஸ்மித்தும் போட்டியாளர்களாக இருந்தும் ஒரு பொதுமொழிக்கு முன்நின்றார்கள். 1983இல் வந்த அதன் பெயர் மிடி. அது ஒலியை அனுப்புவதே இல்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டது என்று மட்டும் சொல்லும். விநாடிக்கு 31,250 பிட் என்ற, இன்றைக்குச் சிரிப்பு வரும் வேகம். இதற்காக இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பக் கிராமி விருது கொடுத்தார்கள். உரிமத் தொகை வாங்காமல் ஊருக்குப் பொதுவாக விட்டதற்கே அதைக் கொடுத்திருக்கலாம்.

1992இல் இந்த மொழியில் இயந்திரக் கட்டுப்பாடு என்ற கிளை சேர்ந்தது. ஓடு, நில், பதிவு செய், பின்னால் போ என்பவற்றுக்கு ஒவ்வோர் எண். நான் சொன்ன ஆறு பைட் இதுதான். அந்தப் பழைய வேகத்திலும் இரண்டு மில்லிநொடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். காலால் மிதிக்கும் மிடி மிதி ஒன்றை இணைத்து, பாடுகிறவரே பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் முடிவது இதனால்தான்.

மிடியின் குறை, சாதாரணக் குமிழுக்கு அது தருவது 0 முதல் 127 வரை 128 படி மட்டும். 1997இல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வு மையத்தில் மேத்யூ ரைட்டும் ஏட்ரியன் ஃபிரீடும் வேறொரு முறையைக் கொண்டுவந்தார்கள். ஓஎஸ்சி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதில் எண்களுக்குப் பதில் படிக்கக்கூடிய பாதைப் பெயர்கள். மூன்றாவது ட்ராக்கின் ஒலியளவை இவ்வளவுக்கு வை என்று தசமப் புள்ளியோடு சொல்லலாம். சாதாரண வலையிணைப்பில், வைஃபையில் போகும். ஆர்டர் என்ற கட்டற்ற மென்பொருள் ஓஎஸ்சி கட்டளைகளைக் கேட்டு நடக்கும். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் இன்னும் எளிது: அதன் அமைப்புப் பக்கத்தில் உலாவிக் கட்டுப்பாட்டை இயக்கிவிட்டால் ஒரு முகவரி கிடைக்கும், அதே வைஃபையில் உள்ள கைபேசியின் உலாவியில் அதைத் திறந்தால் பதிவுப் பொத்தானும் ட்ராக்குகளும் வந்து நிற்கும். தனியாகச் செயலி தேவையில்லை. ஆப்பிளின் லாஜிக் வைத்திருப்பவர்களுக்கு 2013 முதல் ஐபேடில் தனிச் செயலி உண்டு. நம்மில் பலர் பழகிய ஆடாசிட்டியில் இப்படி ஆயத்தப் பலகை இல்லை. ஆனால் நிரல் எழுதத் தெரிந்தவர் பைத்தானிலிருந்து அதற்குக் கட்டளை அனுப்பும் கதவு ஒன்று உள்ளே இருக்கிறது.

கணினித் திரையையே கைபேசிக்குக் கொண்டுவந்து இயக்கலாமே என்று கேட்பார்கள். இயக்கலாம், ஆனால் மவுஸால் குறிபார்க்க வரைந்த பொத்தானைக் கட்டை விரலால் தேட வேண்டும். திரையைப் படமாக்கி அனுப்பும் வேலையும் பதிவு செய்துகொண்டிருக்கும் கணினியின் தலையில் விழும்.

ஓஎஸ்சி வழக்கமாகப் போகும் யுடிபி முறை சாதாரணத் தபால். பெட்டியில் போட்டதோடு சரி, ஒப்புகைச் சீட்டு வராது. வைஃபை ஒரு கணம் தடுமாறி ‘பதிவு செய்’ காணாமல் போனால் கைபேசிக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தியாயிற்று என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். உள்ளே ஆச்சி முழுத் தாலாட்டையும் பாடி முடித்திருப்பார். வட்டில் ஒன்றும் இருக்காது. இதற்கு மருந்து, பதில் கேட்பது. ஒழுங்காக அமைத்த கட்டுப்பாட்டில், கைபேசித் திரையில் பொத்தான் சிவப்பாக மாறுவது நீங்கள் தொட்டதால் அல்ல. கணினி ‘பதிவு நடக்கிறது’ என்று திருப்பிச் சொன்னதால். தொட்டவுடன் தானாகச் சிவக்கும் பலகையை நம்பக்கூடாது. அதைவிட நல்ல சாட்சி ஓடும் நேரக் கணக்கும் ஏறி இறங்கும் ஒலியளவுக் கோடும். இரண்டும் அசைந்தால்தான் பதிவு நடக்கிறது.

இன்னொரு நுட்பம் உண்டு. சில பொத்தான்கள் ஒரு முறை அழுத்தினால் தொடங்கும், மறுமுறை அழுத்தினால் நிற்கும். கைக்கு எட்டும் தூரத்தில் இது வசதி, தொலைவில் ஆபத்து. பதில் தாமதமாவதைப் பார்த்து இரண்டாம் முறை அழுத்தினால், முதல் கட்டளை தொடக்கியதை இரண்டாவது நிறுத்திவிடும். ஆகவே தொலைக் கட்டளை ‘மாற்று’ என்று இருக்கக்கூடாது. ‘பதிவு நிலைக்குப் போ’ என்று இருக்க வேண்டும். அதைப் பத்து முறை அனுப்பினாலும் கெடுதல் இல்லை, ஏற்கெனவே பதிவில் இருந்தால் அப்படியே இருக்கும். மோட்டார் பம்பைக் கைபேசியில் போடும் விவசாயிகளுக்கு இந்த வித்தியாசம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வைஃபை தடுமாறுவதற்குச் செட்டிநாட்டு வீட்டைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. கனத்த செங்கல் சுவர் ஒவ்வொன்றும் அலையின் வலுவைத் தின்னும். அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4ஐவிட வேகமாகச் சோர்ந்துபோகும். ரவுட்டரை வளவின் நடுவில் வைத்து, 2.4இல் ஓட்டினால் திறந்த வெளி வழியாகச் சுற்றுக் கட்டெல்லாம் கிடைக்கும். இணைய இணைப்பு தேவையே இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கைபேசியும் லேப்டாப்பும் ஒரே வலையில் இருந்தால் போதும். வெளியுலகத்தோடு தொடர்பு அற்ற ஒரு சின்ன ரவுட்டரே மேல். மின்சாரம் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் நின்றுவிடும். நின்றாலும் பதிவு நிற்காது. கட்டளை வழியையும் ஒலி வழியையும் பிரித்து வைத்ததன் பலன் இங்கே தெரியும்.

தொலைவிலிருந்து செய்ய முடியாதவையும் உண்டு. மைக்கை வாய்க்கு எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் வைப்பது என்பதே பதிவின் தரத்தில் பாதி. அதை எந்த மென்பொருளும் செய்யாது. விலை குறைந்த இடைமுகப் பெட்டிகளில் ஒலிப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உண்மையான குமிழ். திரையில் தெரியும் ஒலியளவுச் சறுக்கியை இறக்கினால், ஏற்கெனவே கிழிந்த ஒலி கிழிந்தபடியே மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். ஆச்சி எதிர்பாராமல் குரலை உயர்த்துவார் என்று முன்கூட்டியே இடம் விட்டு, உச்சம் எல்லைக்கு 12 டெசிபெல் கீழே நிற்கும்படி குமிழை வைத்துவிட்டு வெளியே வர வேண்டும். 16 பிட் காலத்தில் இப்படித் தாழ்த்திப் பதிவு செய்தால் அடியில் இரைச்சல் எழும். ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் இடம் தருவதால், 24 பிட்டில் கணக்குப்படி 144 டெசிபெல் கிடைக்கிறது, பயம் வேண்டாம். ஜூம் நிறுவனம் 2019இல் வெளியிட்ட எஃப்6 போன்ற பதிவுக் கருவிகள் 32 பிட் மிதவைப் புள்ளியில் எழுதுகின்றன. மைக்கே திணறாத வரை, கிழிந்ததுபோல் தெரியும் ஒலியைப் பின்னால் இறக்கிச் சரிசெய்துவிடலாம். ஆள் இல்லாத அறைக்கென்றே பிறந்தது போன்ற வசதி இது.

இனி தூரத்தைக் கூட்டிப் பார்ப்போம். பேரன் சிங்கப்பூரில், ஆச்சி நாச்சியாபுரத்தில். கட்டளை இணையம் வழியாகப் போகட்டும். கண்ணாடி இழையில் ஒளி மில்லிநொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். வழியில் உள்ள ரவுட்டர்களின் காத்திருப்பையும் சேர்த்தால் பல பத்து மில்லிநொடி ஆகலாம். பதிவைத் தொடங்க இது ஒரு பொருட்டல்ல. பாட்டுக்கு முன்னால் சில விநாடி வெறுமை விட்டுப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். இருவரும் சேர்ந்து பாட நினைத்தால்தான் இடிக்கும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 3 மில்லிநொடி. கச்சேரி மேடையில் இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி உட்காரும் மிருதங்கக்காரரின் அடி பாடகருக்கு அந்தக் கணக்கில் தாமதமாகத்தான் கேட்கிறது. இந்தத் தாமதம் 25, 30 மில்லிநொடியைத் தாண்டினால், ஒருவர் மற்றவரின் அடிக்குக் காத்து, காத்துக் காலப்பிரமாணம் இழுபட்டுப் போகும். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் சேஃபும் உவான் பாப்லோ காசெரெசும் உருவாக்கிய ஜாக்ட்ரிப் இந்தத் தாமதத்தைக் குறைக்கவே பிறந்தது. அதனாலும் ஒளியின் வேகத்தைக் கூட்ட முடியாது.

தூரத்திலிருந்து கேட்பதற்கு மட்டும் ஓர் எளிய உபாயம் உண்டு. முழுத் தரமான ஒலி நாச்சியாபுரத்து வட்டிலேயே இறங்கும். பேரனுக்குக் காதால் கண்காணிக்க மட்டும் ஓபஸ் போன்ற முறையில் சுருக்கிய ஒலி போகும். 2012இல் இணையத் தரமாக ஏற்கப்பட்ட ஓபஸ், விநாடிக்கு 32,000 பிட்டிலேயே பேச்சைத் தெளிவாகத் தரும்; மூல ஒலியில் 36இல் ஒரு பங்கு. அந்த இழை அறுந்து அறுந்து வந்தாலும் பதிவுக்குச் சேதமில்லை. கோப்பை இரவில் மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம். ஓஎஸ்சிக்குக் கடவுச்சொல் என்ற ஒன்றே கிடையாது என்பதால், அந்த வாசலை நேராக இணையத்துக்குத் திறந்துவிடாமல் விபிஎன் சுரங்கத்துக்குள் அனுப்ப வேண்டும்.

இரண்டு ஊரில் இரண்டு கணினி தனித்தனியே பதிவு செய்து பின்னால் சேர்க்கும்போது பெரியநாயகி காலத்துச் சிக்கல் திரும்பி வரும். விநாடிக்கு 48,000 என்று இரண்டும் சத்தியம் செய்தாலும், எண்ணுவது அவற்றுக்குள் துடிக்கும் குவார்ட்ஸ் படிகம். இரண்டு படிகம் ஒன்றுபோல் துடிக்காது. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு சாதாரணம். ஒரு மணி நேரத்தில் அது 72 மில்லிநொடியாகச் சேரும். திரைப்படத்தின் ஒரு சட்டகம் சுமார் 42 மில்லிநொடி. வாயும் குரலும் ஒட்டவில்லை என்று கண் கண்டுபிடிக்கத் தொடங்கும் இடம். தொடக்கத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு இரண்டு பதிவிலும் விழச் செய்தால், இடையே உள்ள நீளத்தை அளந்து ஒன்றை மற்றதற்கு இழுத்துப் பொருத்தலாம்.

கட்டளையை இடத்தால் மட்டுமல்ல, காலத்தாலும் தள்ளி வைக்கலாம். இன்ன மணிக்குத் தொடங்கி இன்ன மணிக்கு நிறுத்து என்று ஆடாசிட்டியிலேயே சொல்லி வைக்க முடியும். காரைக்குடி இருக்கும் இதே சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாதென்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஊர் உலகமே வெடிக்கும் இரவில் அந்தக் கண்மாய்க் கரையில் என்ன கேட்கிறது என்று மாலை 6 முதல் காலை 6 வரை பதிவு செய்ய ஆசைப்படலாம். நானும் ஆசைப்படுகிறேன். ஒரு மைக், 24 பிட், 48,000. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 6.2 கிகாபைட். வட்டில் இடம் இருக்கும். ஆனால் வேவ் கோப்பின் தலைப்பில் தன் நீளத்தை எழுத ஒதுக்கிய இடம் 32 பிட் மட்டும். 4 கிபிபைட்டுக்கு மேல் எழுதத் தெரியாது. மாலை 6 மணிக்குத் தொடங்கிய கோப்பு அதிகாலை 2 மணி 17 நிமிடத்தில் நிறைந்துவிடும். பறவைகள் விழித்துக் கத்துவதோ அதற்குப் பிறகு. ஆர்எஃப்64 என்ற விரிந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது மணிக்கு ஒரு கோப்பாக வெட்டி எழுதச் சொல்லலாம். நான் இரண்டாவதைச் செய்வேன். ஒரு கோப்பு கெட்டால் ஒரு மணி நேரத்தோடு போகும். லேப்டாப் தானாகத் தூங்கும் அமைப்பையும், இரவில் தானே புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் ஆகும் பழக்கத்தையும் அன்று மாலையே நிறுத்திவிட வேண்டும்.